தொகுப்பியின் பொதுக் கருவிகள்

கணிப்பொறி தன் இயல்பில் அறிந்தது யந்திர மொழி ஒன்றே. எண்களால் ஆன அம்மொழியில் நீண்ட நிரல்களை எழுதுவது மனிதருக்கு எளிதன்று. ஆகவே சி, ஜாவா, ஃபோர்ட்ரான் போன்ற மொழிகளில் நிரல் எழுதுகின்றனர். அவ்வாறு எழுதப்பட்டதைப் படித்து யந்திர மொழிக்கு மாற்றித் தருவதற்கென்றே தனியான ஒரு நிரல் உண்டு. அதற்குக் கம்பைலர் என்று பெயர். தமிழில் அதனைத் தொகுப்பி என்பர்.

தொகுப்பியைப் பற்றிய பாடநூல்கள் அதன் பெரும் பகுதிகளை விரிவாகக் கூறும். எழுத்துகளைச் சொற்களாகப் பிரிப்பது ஒரு பகுதி; சொற்கள் அடுக்கப்பட்டுள்ள முறை மொழியின் இலக்கணத்திற்கு ஒத்துள்ளதா என்று பார்ப்பது மற்றொன்று; பொருளை ஆராய்தல், வீண் வேலைகளைக் களைதல், இறுதியில் யந்திரக் கட்டளைகளை வெளியிடுதல் என இன்னும் சில. இப்பகுதிகள் அனைத்திற்கும் அடியில் சிறு துணைநிரல்களின் கூட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு பெயர்கள் ஒன்றா என்று ஒப்பிடுவது, நினைவகத்தில் இடம் ஒதுக்குவது, எழுத்து வடிவில் உள்ள எண்ணை யந்திரம் கையாளும் எண்ணாக மாற்றுவது, பிழை எந்த வரியில் உள்ளது என்று கண்டு சொல்வது ஆகியவை அவற்றின் வேலைகள். இவற்றைப் பற்றிப் பாடநூல்கள் ஓரிரு வரிகளே கூறி அப்பால் செல்கின்றன. ஆனால் தொகுப்பியின் எல்லாப் பகுதிகளும் இவற்றையே அழைத்துப் பயன்படுத்துகின்றன. தச்சனின் முழக்கோல் ஒரு நூல் குறைந்திருந்தால் அவன் செய்யும் நிலை, கதவு, கட்டில் யாவும் அளவு தவறுவது போல, இத்துணைநிரல்களில் ஒன்று பிழைபட்டிருந்தால் தொகுப்பி முழுவதும், அதனால் ஆக்கப்பட்ட நிரல்களும் பிழைபட இடமுண்டு.

எஃகுப் பெட்டியில் இருந்த நூலகம்

துணைநிரல்களைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்தும் வழக்கம் தொகுப்பிகளுக்கும் முற்பட்டதாகும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வுக்கூடத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பாரின் தலைமையில் அமைக்கப்பட்ட எட்சாக் என்னும் கணிப்பொறி, 1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் தன் முதல் நிரலைச் செய்து முடித்தது. யந்திரம் ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே ஓர் உண்மை புலனாயிற்று. நிரல் எழுதுவது பெரிய காரியமன்று. பிழையின்றி எழுதுவதே அரிது. தமது எஞ்சிய வாழ்நாளில் பெரும்பங்கு தம் நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்ற உணர்வு அக்காலத்தில் தமக்கு உண்டானதாக வில்க்ஸ் பின்னர் எழுதியிருக்கிறார்.

இதற்குக் கேம்பிரிட்ஜில் கண்ட பரிகாரமே துணைநிரல் நூலகம். வர்க்கமூலம் காணுதல், வகுத்தல், எண்களை அச்சிடுதல் போன்ற அடிக்கடி வேண்டப்படும் வேலைகளுக்கான கட்டளைகளை ஒருமுறை எழுதி, நன்கு சோதித்து, துளையிட்ட காகித நாடாக்களாக எஃகுப் பெட்டி ஒன்றில் வரிசையாக வைத்தனர். புதிய நிரல் எழுதுவோர் தமக்கு வேண்டிய நாடாவை எடுத்து, யந்திரத்தின் உதவியாலேயே தம் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, மீண்டும் பெட்டியில் வைத்துவிடுவர். கையால் படியெடுக்காமையால் படியெடுப்பதில் நேரும் பிழையும் நீங்கிற்று. வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் 1951-ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கி நூல் ஒன்று வெளியிட்டனர். அந்த ஆண்டில் நூலகத்தில் இருந்த துணைநிரல்கள் 87.

துணைநிரலைப் பல இடங்களிலிருந்து அழைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. வேலை முடிந்ததும் எந்த இடத்திற்குத் திரும்ப வேண்டும் என்பதைத் துணைநிரல் எவ்வாறு அறியும்? அதனை நினைவில் வைக்கும் கட்டளை எட்சாக்கில் இல்லை. வீலர் கண்ட வழி வியக்கத்தக்கது. அழைக்கும் நிரல் தான் நிற்கும் இடத்தின் கட்டளையையே எண்ணாகக் கருதிக் கையில் கொண்டு செல்லும். துணைநிரல் அதனைப் பெற்று, திரும்பிச் செல்லும் கட்டளையைக் கணக்கிட்டு, தன் கடைசி வரியில் தானே பதித்துக்கொள்ளும். வீலர் தாவல் என்று இதற்குப் பெயர் வழங்கலாயிற்று. அவரே 1952-ஆம் ஆண்டில் ஒரு மாநாட்டில் படித்த கட்டுரையில், பொதுத் துணைநிரலுக்கு வேண்டிய குணங்களாகப் பயன்படுத்த எளிமை, கட்டளைகளின் சரிமை, விளக்கத்தின் துல்லியம் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டார். மூன்றாவது குணம் அடிக்கடி மறக்கப்படுவது. எந்த எல்லை வரையுள்ள எண்களை ஏற்கும், இடம் போதாதபோது என்ன செய்யும் என்று எழுதி வைக்கப்படாத துணைநிரல், பெயர் ஒட்டாத மருந்துப் புட்டி போன்றது.

தொகுப்பி என்ற பெயரும் இந்த நூலகத்திலிருந்தே பிறந்தது. அமெரிக்காவில் யுனிவாக் கணிப்பொறிக்காக கிரேஸ் ஹாப்பர் அம்மையார் 1952-ஆம் ஆண்டில் முடித்த ஏ-0 என்னும் நிரல், இன்றைய பொருளில் மொழிபெயர்ப்பு ஏதும் செய்யவில்லை. வேண்டிய துணைநிரல்களின் குறிகளைக் கொடுத்தால், நூலகத்திலிருந்து அவற்றை எடுத்துத் தொகுத்து ஒரே நிரலாக்கித் தந்தது, அவ்வளவே. அதனாலேயே அதற்குத் தொகுப்பது என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல் அமைந்தது. பின்னர் வேலை மாறியும் பெயர் நிலைத்துவிட்டது. மொழிபெயர்க்கும் கருவிக்குத் தொகுப்பி என்று பெயர் ஏன் என்று வினவும் மாணவருக்கு ஆசிரியர் இவ்வரலாற்றைக் கூறலாம்.

இந்தியாவில் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1963-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி வந்தபோது அங்கு ஃபோர்ட்ரான் மொழி கற்பிக்கப்பட்டது. சைன், லாகரிதம் போன்றவற்றை மாணவர் தம் நிரலில் பெயரளவில் எழுதினால் போதும். அவற்றைக் கணிக்கும் கட்டளைகள் துணைநிரல் நூலகத்திலிருந்து வந்து சேரும். இவையெல்லாம் நிரல் எழுதுவோருக்கான துணைநிரல்கள். தொகுப்பியும் ஒரு நிரலே ஆதலால், அதற்குத் தன் சொந்த உபயோகத்திற்கென ஒரு நூலகம் வேண்டியிருந்தது.

பெயரும் பதிவேடும்

தொகுப்பி படிக்கும் நிரல் சில லட்சம் வரிகள் கொண்டதாக இருக்கக்கூடும். அதில் ஒரே பெயர் ஆயிரக்கணக்கான இடங்களில் வரும். ஒவ்வொரு முறையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது நேரத்தை விழுங்கும். ஆகவே ஒரு பெயரை முதன்முறை காணும்போதே அதனைப் பதிவேடு ஒன்றில் எழுதி அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகின்றனர். அதன் பின்னர் தொகுப்பியின் எல்லாப் பகுதிகளும் அந்த எண்ணையே கையாளும். வகுப்பில் ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட மாணவர் இருவர் இருந்தாலும் வருகைப் பதிவேட்டின் வரிசை எண் அவர்களைக் குழப்பமின்றிப் பிரிக்கிறது. தொகுப்பியின் பதிவேடு மறுபுறத்திலிருந்து அதே பயனைத் தருகிறது: ஒரே எழுத்துகளாலான பெயர் எங்கு வந்தாலும் ஒரே எண்.

பதிவேட்டில் பெயரைத் தேடும் முறைக்கு ஹாஷ் என்று பெயர். பெயரின் எழுத்துகளைக் கொண்டு ஒரு சிறு கணக்குச் செய்து, கிடைக்கும் விடையின்படி குறிப்பிட்ட ஓர் அறைக்குள் நேரே பார்ப்பர். தபால் பிரிக்கும் நிலையத்தில் கடிதங்களைப் புறாக்கூடு போன்ற அறைகளில் இடுவதை ஒத்தது இது. கடிதங்கள் அறைகளில் பரவலாக விழும் வரை வேலை விரைவாக நடக்கும். எல்லாம் ஒரே அறையில் குவிந்தால் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்க வேண்டியதுதான். வேண்டுமென்றே ஒரே அறையில் விழும்படி பெயர்களைத் தெரிந்தெடுத்து அனுப்பி, ஒரு கணிப்பொறியைத் திணறச் செய்யலாம் என்பது 2011-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பெர்லின் நகரில் நடந்த மாநாடு ஒன்றில் காட்டப்பட்டது. அதன் பின்னர்ப் பல மொழிகளின் நூலகங்கள், ஹாஷ் கணக்கு ஒவ்வொரு முறையும் வேறுபடும்படி மாற்றியமைக்கப்பட்டன.

ஆனால் அந்த மருந்து தொகுப்பிக்குப் புதிய நோயைத் தரக்கூடும். அறைகளின் வரிசைப்படி பெயர்களை எடுத்துக் கட்டளைகளை வெளியிடும் தொகுப்பி ஒன்றில் ஹாஷ் கணக்கு முறைக்கு முறை வேறுபட்டால், ஒரே நிரலிலிருந்து காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் யந்திர மொழி வெளிவரும். வெளியிடப்பட்ட மென்பொருள் அதன் மூல நிரலிலிருந்தே ஆக்கப்பட்டதா, இடையில் எவரேனும் கைவைத்தனரா என்று சரிபார்க்க விரும்புவோர் மீண்டும் ஒருமுறை தொகுத்து ஒப்பிட்டுப் பார்ப்பர். ஒரு துண்டு மாறியிருந்தாலும் அச்சோதனை பயனற்றுப் போகும். ஆகவே தேடுவதற்கு ஹாஷ் அறைகளையும், வரிசையாக எடுப்பதற்குப் பெயர்கள் வந்த முறையையும் தனித்தனியே வைத்திருக்கும் கலப்புப் பதிவேடுகள் தொகுப்பி நூலகங்களில் இடம் பெற்றுள்ளன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எல்.எல்.வி.எம். என்னும் தொகுப்பி அமைப்பின் கையேடு, எந்த வேலைக்கு எந்தப் பதிவேடு தகும் என்பதை நெடுக விவரிக்கிறது. சி, ரஸ்ட், ஸ்விஃப்ட், ஜூலியா ஆகிய மொழிகளின் தொகுப்பிகள் இந்த அமைப்பைப் பயன்படுத்துவதால், அதன் பொது நூலகத்தில் செய்யப்படும் ஒரு சிறு திருத்தம் பல மொழிகளுக்கு ஒருங்கே சென்று சேர்கிறது.

நினைவகத்தில் இடம் ஒதுக்கும் துணைநிரல்களும் இத்தகையனவே. தொகுப்பி தன் வேலையின்போது லட்சக்கணக்கான சிறு குறிப்புகளை எழுதிக்கொள்கிறது. ஒவ்வொன்றிற்கும் தனியே இடம் கேட்டுப் பின் தனியே திருப்பித் தருவது வீண் உழைப்பு. திருமணத்திற்குப் பந்தல் இடுவோர் ஒரே பெருவெளியை வளைத்துக்கொண்டு, விழா முடிந்ததும் முழுவதையும் ஒருங்கே பிரித்துவிடுவதைப் போல, தொகுப்பியும் பெரிய இடமாக வாங்கி, அதில் ஒன்றன்பின் ஒன்றாகக் குறிப்புகளை அடுக்கி, முடிவில் முழுவதையும் ஒரே கணத்தில் விட்டுவிடுகிறது.

1987-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜி.சி.சி. என்னும் தொகுப்பியும், பிழை தேடும் கருவியான ஜி.டி.பி.யும், யந்திர மொழிக் கோப்புகளைக் கையாளும் அவற்றின் உடன்பிறப்புக் கருவிகளும் லிபைபர்ட்டி என்னும் ஒரே துணைநிரல் நூலகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இத்தகைய நூலகங்களின் பெயர் 'லிப்' என்று தொடங்குவது மரபு. இணைக்கக் கட்டளையிடும்போது அதனை நீக்கி, 'எல்' என்னும் எழுத்தை மட்டும் முன்னே இடுவர். அவ்வாறு செய்தால் இந்நூலகத்தின் பெயர் 'லிபர்ட்டி', அதாவது விடுதலை, என்று ஆகும். நிரலாளர் தம் நகைச்சுவையை இத்தகைய மூலைகளில்தான் ஒளித்து வைக்கின்றனர். அதிலுள்ள துணைநிரல்களுள் ஒன்று, இடம் கேட்டுக் கிடைக்காதபோது அச்செய்தியைக் கூறிவிட்டு நிரலையே நிறுத்திவிடும். இது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும், இடம் கிடைத்ததா என்று ஆயிரம் இடங்களில் ஆயிரம் முறை பார்க்க வேண்டிய வேலை ஓரிடத்தில் அடங்கிவிடுகிறது. அவற்றுள் பத்து இடங்களில் பார்க்க மறந்துவிடும் அபாயமும் இல்லை.

வரி எண் காட்டும் வேலை

நிரல் எழுதுவோர் தொகுப்பியோடு நேரே பழகுவது பிழைச் செய்தியின் வாயிலாகத்தான். எழுபதாம் வரியில் உள்ள பிழையை எழுபத்தொன்றாம் வரி என்று காட்டும் தொகுப்பியை எவரும் நம்பமாட்டார். தொகுப்பி உள்ளூர வைத்திருப்பது, கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது எழுத்து என்னும் கணக்கு மட்டுமே. ஒவ்வொரு வரியும் எங்குத் தொடங்குகிறது என்ற பட்டியலில் அந்த எண்ணைத் தேடி வரி எண்ணைக் காண வேண்டும். அகராதியில் நடுப்பக்கத்தைத் திறந்து, தேடும் சொல் முன்னா பின்னா என்று பார்த்து, பாதிப் பாதியாகக் குறைத்துச் செல்லும் முறை இங்குக் கையாளப்படுகிறது.

பாதியாக்கித் தேடும் இம்முறை பத்து வரிக்குள் எழுதத்தக்கது. ஆனால் முதன்முதலாக 1946-ஆம் ஆண்டில் அச்சில் வந்த இம்முறை, எந்த நீளமுள்ள பட்டியலுக்கும் பொருந்தும்படி 1960-ஆம் ஆண்டில்தான் வெளியிடப்பட்டது என்று டொனால்ட் கனூத் குறிப்பிடுகிறார். அதன் பிறகும் கதை முடியவில்லை. ஜாவா மொழியின் பொது நூலகத்தில் இருந்த இந்தத் துணைநிரலில் பிழை உள்ளதென 2006-ஆம் ஆண்டில் அதனை எழுதியவரான ஜோஷுவா பிளாக் தாமே அறிவித்தார். நடு இடத்தைக் காண, இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தனர். பட்டியலில் 107 கோடிக்கு மேற்பட்ட உருப்படிகள் இருந்தால் அக்கூட்டுத்தொகை 2,147,483,647 என்னும் உச்ச எல்லையைத் தாண்டி, எதிர்க்குறி எண்ணாக மாறிவிடும். வேறுபாட்டைப் பாதியாக்கிக் கீழ் எல்லையுடன் கூட்டினால் இத்தொல்லை இல்லை. பள்ளிக் கணக்கில் இரண்டும் ஒன்றே. எல்லையுள்ள யந்திரத்தில் இரண்டும் வேறு.

வரி கிடைத்த பின்னர், அவ்வரியில் எத்தனையாவது இடம் என்று காட்ட வேண்டும். ஆங்கில எழுத்துகளுக்கு இது எளிது. 'தமிழ்' என்னும் சொல்லைக் கண்ணால் பார்ப்போர் மூன்று எழுத்துகள் என்பர். யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள்; யூ.டி.எஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் ஒவ்வொன்றிற்கும் மூன்று பைட்டாகப் பதினைந்து பைட்டுகள். பைட்டுகளை எண்ணும் தொகுப்பி, பிழையைச் சுட்டும் அம்புக்குறியைப் பன்னிரண்டு இடம் தள்ளி வரையும். விளக்கவுரையிலோ அச்சிடவேண்டிய வாசகத்திலோ தமிழ் எழுதி நிரல் அமைக்கும் மாணவர் இதனை நேரிலேயே காணலாம். எண்ணும் வேலை ஒரே பொதுத் துணைநிரலில் இருந்தால் அதனைத் திருத்தி எல்லாப் பிழைச் செய்திகளையும் ஒருங்கே சீராக்கலாம். தொகுப்பியின் பல பகுதிகள் தத்தமக்குத் தோன்றியபடி எண்ணினால், ஒன்று திருந்தும், மற்றொன்று திருந்தாது.

பிழைச் செய்தியோடு, பிழை உள்ள வரியையும் அதன் முன்பின் வரிகளையும் வரி எண்ணோடு காட்டுவது நல்ல தொகுப்பியின் வழக்கம். 9-ஆம் வரியும் 10-ஆம் வரியும் ஒன்றன்கீழ் ஒன்று வரும்போது, ஒன்றின் இடத்தின் கீழ் ஒன்றின் இடம் வரவேண்டும். அதற்கு 9-க்கு முன்னே ஒரு வெற்றிடம் இட வேண்டும். இந்த அற்ப வேலையால் ஒரு பெருங்குழப்பம் விளைந்தது. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குரிய பேபல் என்னும் தொகுப்பி, வரி எண்களை அச்சிடும் வேறொரு சிறு நூலகத்தின் வழியாக, லெப்ட்-பேட் என்னும் பதினொரு வரித் துணைநிரலை நம்பியிருந்தது. ஒரு பெயரின் உரிமை பற்றிய தகராறில் மனம் கசந்த அதன் ஆசிரியர், 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22-ஆம் நாள் தம் படைப்புகள் யாவற்றையும் பொதுக் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். பேபலைப் பயன்படுத்தி வந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் அக்கணமே தொகுக்க இயலாது நின்றன. களஞ்சியத்தை நடத்துவோர் சில மணி நேரத்தில் அத்துணைநிரலை மீண்டும் வைத்தனர். ஒருமுறை வெளியிட்டதைத் திரும்பப் பெறுவதற்கான விதிகளையும் பின்னர் இறுக்கினர். பொதுவில் வைப்பது நன்று என்பதால் பதினொரு வரியையும் அயலாரிடம் கடன் வாங்குவது நன்றாகிவிடாது. அவற்றைத் தன் வீட்டிலேயே எழுதி வைத்திருந்தால் பேபல் அன்று நின்றிருக்காது.

எண்ணைப் படித்தல்

தொகுப்பியின் பொது வேலைகளுள் எல்லாவற்றினும் எளிதாகத் தோன்றி எல்லாவற்றினும் கடினமாக அமைந்தது, நிரலில் எழுதப்பட்ட தசம எண்ணைப் படிப்பதாகும். நிரலில் 0.1 என்று எழுதியிருந்தால் தொகுப்பி அதனை இரும எண்ணாக மாற்ற வேண்டும். மாற்றும் முறையை வகுப்பிலேயே செய்து காட்டலாம். பின்னத்தை இரண்டால் பெருக்கிக்கொண்டே சென்று, முழு எண் பகுதியை மட்டும் எழுதி வரவேண்டும். 0.1 முதலில் 0.2 ஆகும், பின் 0.4, 0.8, 1.6 என வரும். முழு எண்ணான 1-ஐ நீக்கி 0.6-ஐப் பெருக்கினால் 1.2, மீண்டும் 1-ஐ நீக்கினால் 0.2. வந்த இடத்திற்கே வந்தாயிற்று. ஆகவே 0.1 என்பது இரும முறையில் 0.000110011001100... என முடிவின்றிச் செல்லும். யந்திரமோ 53 இருமத் தானங்களையே வைத்துக்கொள்ளும். எஞ்சியதை வெட்டி, மிக அருகிலுள்ள எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவ்வாறு வெட்டுவதால் நேரும் வேறுபாடு அற்பமானது என்று இகழ்வதற்கில்லை. 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் சவூதி அரேபியாவில் தஹ்ரான் நகரில் இருந்த பேட்ரியட் ஏவுகணைப் படைப்பிரிவு, எதிரியின் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது; அமெரிக்கப் படைவீரர் 28 பேர் மாண்டனர். அக்கருவியின் கடிகாரம் காலத்தைப் பத்தில் ஒரு வினாடிகளாக எண்ணி, 24 தானங்களில் வெட்டப்பட்ட 0.1-ஆல் பெருக்கி வினாடிகளாக்கியது. நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடிய பின் பிழை ஏறத்தாழ 0.34 வினாடியாக வளர்ந்திருந்தது. அந்த நேரத்தில் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். இங்குக் கவனிக்கத்தக்கது மற்றொன்று. காலத்தை மேலும் துல்லியமாக மாற்றும் துணைநிரல் ஒன்று அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. ஆனால் வேண்டிய எல்லா இடங்களிலும் அது புகுத்தப்படவில்லை. ஒரு காலத்தைத் திருத்திய முறையிலும் மற்றொரு காலத்தைப் பழைய முறையிலும் கணித்து இரண்டையும் கழித்ததால், இரண்டிலும் ஒரே பிழை இருந்தால் ஒன்றையொன்று ஈடு செய்திருக்கக்கூடியது ஈடாகாமல் போயிற்று. மாற்றும் வேலை ஒரே துணைநிரலில் இருந்திருந்தால் பாதித் திருத்தம் என்ற நிலையே ஏற்பட்டிராது.

தசம எண்ணை மிகச் சரியாக, அதாவது எப்போதும் மிக அருகிலுள்ள இரும எண்ணாகவே மாற்றும் வழி 1990-ஆம் ஆண்டில் வில்லியம் கிளிங்கர் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாக்கப்பட்டது. அதே ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் கே இவ்வேலைக்கான முழுத் துணைநிரலையும் எழுதி எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். முதலில் ஒரு மதிப்பை உத்தேசமாகக் கொண்டு, பெரிய முழு எண்களால் துல்லியமாக ஒப்பிட்டு, வேறுபாட்டிற்கேற்பத் திருத்தி, திருத்தம் வேண்டாத நிலை வரும் வரை மீண்டும் மீண்டும் செய்வது அதன் முறை. நல்ல கிணற்றைத் தேடிப் பலரும் வருவதைப் போல, பல மொழிகளின் தொகுப்பிகளும் நூலகங்களும் அதனையே எடுத்தாண்டன. பி.எச்.பி. என்னும் வலைத்தள மொழியும் அவற்றுள் ஒன்று.

2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில், 2.2250738585072011 × 10⁻³⁰⁸ என்னும் எண்ணைப் படிக்கும்போது பி.எச்.பி. முடிவின்றிச் சுழன்றுகொண்டே இருப்பது வெளிப்பட்டது. யந்திரத்தில் 53 தானங்களும் முழுமையாக அமையும் மிகச் சிறிய எண்ணின் எல்லையை ஒட்டியது அது. அவ்வெல்லைக்குக் கீழே எண்கள் வேறு முறையில் எழுதப்படும். துணைநிரலின் முறையில் தவறில்லை. அந்தத் துணைநிரலைத் தொகுத்த தொகுப்பி, பழைய 32-பிட் இன்டெல் கணிப்பொறிகளில் இடைக்கால மதிப்புகளை 80-பிட் அகலமுள்ள பதிவகங்களில் வைத்தது. எதிர்பார்த்ததைவிட அதிகத் துல்லியம் கிடைத்ததால், திருத்தம் வேண்டாத நிலை ஒருபோதும் வரவில்லை. இடைக்கால மதிப்பை ஒவ்வொரு முறையும் நினைவகத்திலேயே எழுதிப் படிக்குமாறு ஒரு சொல் சேர்த்ததும் நோய் தீர்ந்தது. அதற்குள், வலைத்தளப் படிவம் ஒன்றில் இந்த எண்ணை இட்டனுப்பும் எவரும் அத்தளத்தின் கணிப்பொறியை முடக்கலாம் என்ற நிலை உலகெங்கும் பரவியிருந்தது. ஜனவரி 6-ஆம் நாள் திருத்திய பதிப்புகள் வெளியிடப்பட்டன.

ஒரு மாதம் கழியுமுன் அதே போன்ற செய்தி ஜாவா மொழியிலிருந்து வந்தது. அதன் துணைநிரல் வேறு. எண்ணும் சிறிது வேறு, 2.2250738585072012 × 10⁻³⁰⁸. ஆனால் நோய் ஒன்றே. திருத்தும் கட்டம் அடுத்தடுத்துள்ள இரு எண்களுக்கிடையே ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருந்தது. ஜாவாவில் எண்ணைப் படிக்கும் துணைநிரலை, ஓடும் நிரல்களோடு தொகுப்பியும் பங்கிட்டுக்கொண்டிருந்தது. ஆகவே இந்த எண்ணைத் தன்னுள் கொண்ட ஒரு வரி நிரலைத் தொகுக்க முயன்றால் தொகுப்பியே நின்றுவிடும். நிரலை ஓட்டிப் பார்க்கும் கட்டமே வாராது. பிப்ரவரி 8-ஆம் நாள் ஆரக்கிள் நிறுவனம் அவசர எச்சரிக்கையையும் திருத்தத்தையும் வெளியிட்டது. ஓரிடத்தில் செய்த திருத்தம் தொகுப்பிக்கும் ஓடும் நிரல்களுக்கும் ஒருங்கே பயன்பட்டது.

அதன் பின்னர் இவ்வேலையில் வேகமும் கூடியுள்ளது. கனடாவைச் சேர்ந்த டேனியல் லெமீர் 2021-ஆம் ஆண்டில் விளக்கிய முறைப்படி, ஐந்தின் அடுக்குகளை முன்கூட்டியே கணித்து அட்டவணையாக வைத்துக்கொண்டு, 128-பிட் பெருக்கல் ஒன்றிரண்டால் பெரும்பாலான எண்களைப் பிழையின்றி மாற்றிவிடலாம். ஐயம் எழும் சில எண்களை மட்டும் பழைய மெதுவான, துல்லியமான வழிக்கு அனுப்பிவிடுவர். கோ, ரஸ்ட் ஆகிய மொழிகளின் நூலகங்கள் இதனை ஏற்றுள்ளன. பி.எச்.பி.யையும் ஜாவாவையும் நிறுத்திய அவ்விரு எண்களோ, இன்று அவ்விரு மொழிகளின் சோதனைத் தொகுதிகளில் இடம் பெற்றுள்ளன. துணைநிரலில் எவரேனும் ஒரு வரியை மாற்றினாலும் அச்சோதனைகள் மீண்டும் ஒருமுறை ஓட்டப்படுகின்றன.